தொப்பூர் ஏற்றமும் பின் சிலிண்டர் சூடும்: ஒரு வாசகருக்குப் பதில்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"ஐயா, வணக்கம். 2014-ஆம் ஆண்டு மாடல் ஹார்லி-டேவிட்சன் ஃபேட் பாய், 1,690 சிசி வண்டியைப் பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி ஓட்டுகிறேன். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் முந்தைய உரிமையாளரே மாற்றிவிட்டிருந்தார். பங்குனி பிறந்ததிலிருந்து வலது தொடை பொறுக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜினுக்குள் டிக் டிக்கென்று இரும்பு தட்டும் சத்தம் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கிறது. ஒரு மெக்கானிக் ஆயில் கூலர் போடச் சொல்கிறார். பெங்களூரில் ஒருவர் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் இயந்திரம்) ஏற்றி மேப் (பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சொல்லும் அட்டவணை) மாற்றித் தருவதாகச் சொல்கிறார். நண்பர் ஒருவர் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் கலந்தால் சூடு தணியும் என்கிறார். முதலில் எதைச் செய்வது? அல்லது இதை விற்றுவிட்டு ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு மாறிவிடுவது நல்லதா?"

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான சூடுகள் கலந்து கிடக்கின்றன. தொடையைச் சுடுவது பெரும்பாலும் அந்த இன்ஜினின் அமைப்பிலிருந்து வருவது. தொப்பூர் ஏற்றத்தில் கேட்கும் சத்தம் ஒரு கோளாறின் அறிகுறி. முதலாவதை எந்த ட்யூனிங்காலும் முழுதாகப் போக்க முடியாது, இரண்டாவதை எந்த ஆயில் கூலராலும் தீர்க்க முடியாது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவரும் இந்த இரண்டையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மருந்து சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் கருத்து. ஆகவே பணம் செலவழிக்கும் முன் எது இயல்பான சூடு, எது கோளாறான சூடு என்பதைப் பிரித்துக்கொள்வோம்.

முதலில் இயல்பானதைப் பார்ப்போம். உங்கள் இன்ஜினில் இரண்டு சிலிண்டர்களும் 45 டிகிரி கோணத்தில் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. முன் சிலிண்டருக்கு நேரடியாகக் காற்று கிடைக்கிறது. பின் சிலிண்டருக்குக் கிடைப்பதோ முன் சிலிண்டர் ஏற்கெனவே சூடாக்கி அனுப்பிய காற்று. அதன் எக்ஸாஸ்ட் குழாய் உங்கள் வலது தொடைக்கு அருகிலேயே இறங்குகிறது, இன்ஜின் ஆயில் டேங்கும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. தருமபுரி நான்கு ரோட்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ சித்திரை வெயிலில் மூன்று நிமிடம் நின்றால், காற்றோட்டம் முற்றிலும் நின்றுபோய், 1,690 சிசி எரிக்கும் பெட்ரோலின் வெப்பம் போக வழியின்றி உங்கள் காலைத் தேடி வரும். புதிதாக ஷோரூமிலிருந்து இறக்கிய வண்டியிலும் இது நடக்கும். இந்த வகை இன்ஜின் உள்ள சில மாடல்களில், நின்றபடி இயங்கும்போது சூடு ஓர் அளவைத் தாண்டினால் பின் சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாட்டை நிறுவனமே வைத்திருக்கிறது என்பதிலிருந்து, வடிவமைத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த இயல்பான சூடு எல்லைக்குள் இருக்கிறதா என்று அறியத் தொடையை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். ஆயில் டேங்க் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு ஆயில் 90 முதல் 115 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால், நம் ஊர்க் கோடைக்கு அது சாதாரணம். 125-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரையும் பலர் இப்போது வைத்திருக்கிறார்கள்; ஆனால் குரோம் பூசிய பளபளப்பான பாகத்தில் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு ஃபின்களில் (சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளில்), முன் சிலிண்டரிலும் பின் சிலிண்டரிலும் ஒரே இடத்தில் ஒரே தூரத்திலிருந்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். தனி எண்ணைவிட இந்த வித்தியாசம்தான் எனக்குப் பயன்படும். பின் சிலிண்டர் ஓரளவு கூடுதலாக இருப்பது இயல்பு, முன் சிலிண்டர் கூடுதலாக இருந்தாலோ வித்தியாசம் திடீரென்று பெருகினாலோ ஏதோ ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் கலவை சரியில்லை என்று சந்தேகிக்கலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜின் சூட்டை அறிந்துகொள்ளும் சென்சார் முன் சிலிண்டர் ஹெட்டில்தான் இருக்கிறது. பின் சிலிண்டரின் நிலையை அது நேரடியாக அளப்பதில்லை, மேப்பில் எழுதியிருப்பதை வைத்து ஊகிக்கிறது. மேப் தவறாக இருந்தால் முதலில் அடிபடுவது பின் சிலிண்டர்.

இனி அந்தச் சத்தம். தொப்பூரிலிருந்து தருமபுரி நோக்கி ஏறும்போது, பாரத்தோடு, அதிக கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை முறுக்கும் நேரத்தில் மட்டும் கேட்டால் அது நாக்கிங். பிளக் தீப்பொறி பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துவிடுவதால் வரும் சத்தம் அது. ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தலையிலும் ரிங்குகளுக்கு இடையேயும் சுத்தியல் அடி விழுகிறது. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் இன்ஜினைக் கெடுக்கக்கூடியது. தொடைச் சூடு எரிச்சலைத் தருமே தவிர இன்ஜினைக் கெடுக்காது.

இந்த நாக்கிங் சூட்டையும் கூட்டுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வண்டியின் இசியு ஸ்பார்க் பிளக் வழியாகவே நாக்கிங்கை உணர்ந்து, தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்திக் கொள்ளும். தாமதமாகப் பற்றிய தீ, பிஸ்டனைத் தள்ளி முடிக்காமல் எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறுகிறது. வால்வும் ஹெட்டும் குழாயும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. இழுவை குறைகிறது, நீங்கள் இன்னும் முறுக்குகிறீர்கள், இன்னும் பெட்ரோல் எரிகிறது. ஏற்றம் முடிந்து தொப்பூர்க் கணவாயைத் தாண்டியதும் கால் கூடுதலாகச் சுடுவதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசு தேவையில்லை. ஆறாம் கியரை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே பயன்படுத்தாதீர்கள். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் 50, 60-இல் போக நேர்ந்தால் நான்காம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ இறங்கிவிடுங்கள். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு இழுவைக்குக் குறைவில்லை என்ற நம்பிக்கையில் பலரும் ஆறிலேயே முக்கவைத்து ஏற்றுகிறார்கள். குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றுகிறது, கலவை எரிவதற்கு அதிக நேரம் கிடைப்பதால் நாக்கிங்குக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆர்.பி.எம். கூடினால் சூடு கூடும் என்ற எண்ணம் இந்த இடத்தில் பொருந்தாது.

அடுத்தது பெட்ரோல். இந்த இன்ஜினுக்கு அமெரிக்கக் கணக்கில் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) வேண்டும் என்று கையேட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் பங்க்கில் சாதாரணப் பெட்ரோலும் 91 ஆகத்தானே இருந்தது என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். அவர்கள் 91 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 95. ஆகவே 95 ஆக்டேன் பெட்ரோலைத் தொடர்ந்து இரண்டு டேங்க் போட்டு, அதே ஏற்றத்தில் அதே கியரில் கேட்டுப் பாருங்கள். சத்தம் மறைந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. எல்லா ஊரிலும் கிடைக்காத 100 ஆக்டேனை நம்பி ட்யூனிங் செய்துகொள்ள வேண்டாம். அரூரிலோ பென்னாகரத்திலோ டேங்க் காலியானால் கிடைப்பதைத்தான் ஊற்றியாக வேண்டும், மேப்பும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

20 விழுக்காடு எத்தனால் கலப்பைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனால் ஆக்டேனைக் கூட்டுகிறது, அந்த வகையில் அது நாக்கிங்குக்கு எதிரிதான். ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படுகிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று போதுமானது என்றால், 10 விழுக்காட்டுக் கலப்புக்கு அது சுமார் 14.1, 20 விழுக்காட்டுக்குச் சுமார் 13.5. உங்கள் வண்டி 10 விழுக்காடு வரைக்கும் என்றே வடிவமைக்கப்பட்டது. ஆக்சிஜன் சென்சார்கள் வேலை செய்தால், சீரான வேகத்தில் போகும்போது இந்த நான்கு விழுக்காட்டு வித்தியாசத்தை இசியு தானே சரிக்கட்டிக்கொள்ளும். சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி ஏமாற்றியிருந்தால் சரிக்கட்ட யாருமில்லை. சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாறியதால் ஏற்கெனவே லீனாக (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) இருக்கும் வண்டி மேலும் லீனாகிவிடும். பழைய வண்டிகளில் சைலன்சர் மாற்றியவர்கள் இந்தக் குறுக்கு வழியைச் செய்வதுண்டு. உங்கள் வண்டியில் இரண்டு குழாய்களிலும் சென்சார்கள் இருக்கின்றனவா, அவற்றின் வயர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பிளக் வெள்ளையாக இருப்பதையும் சைலன்சர் வெடிப்பதையும் வைத்து லீன் என்று முடிவுகட்டத் தோன்றும். அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் இந்தச் சான்று போதாது. இன்றைய பெட்ரோலில், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், பிளக்கின் நிறத்தை வைத்துக் கலவையைக் கணிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நிறத்தைவிட, பீங்கான் பகுதியில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துணுக்குகளோ தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் நாக்கிங் கடுமையாக நடந்திருக்கிறது என்று பொருள், அதன்பின் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் தொலைதூரம் போகக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் வெடிப்பு, பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிவதால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து குழாயிலேயே பற்றிக்கொள்வது. அந்தக் கசிவு ஆக்சிஜன் சென்சாரையும் ஏமாற்றும்: வெளிக்காற்றை மோப்பம் பிடித்துவிட்டு லீன் என்று பொய் சொல்லும், இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். ஆக, வெடிக்கிற வண்டி உண்மையில் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.

உள்ளே காற்று புகும் இன்னொரு வழி, இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இரண்டு ஹெட்டுகளுக்கும் இடையே உள்ள ரப்பர் சீல்கள். பத்து வருட வெப்பத்தில் அவை இறுகி விரிசல் விடும். இங்கே கசிந்தால் அந்தச் சிலிண்டர் நிஜமாகவே லீனாகிறது, அதுவும் ஒன்று மட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது இயக்கி, சூடேறும் முன், சீல் பக்கமாகக் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளித்தால், கசிவிருந்தால் ஸ்லோ ஸ்பீடு மாறும். சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் இதைச் செய்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒருவரைத் தீயணைப்பானோடு நிறுத்திக்கொண்டு காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, பெட்ரோல் அழுத்தம். இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பம்ப்பிலிருந்து வெளிவாய்க்குப் போகும் ஒரு குழாய் உண்டு. அது நாளடைவில் வெடித்து, அழுத்தத்தை டேங்குக்குள்ளேயே விட்டுவிடும். சாதாரண ஓட்டத்தில் எதுவும் தெரியாது, ஏற்றத்தில் முறுக்கும்போது மட்டும் பெட்ரோல் பற்றாமல் போகும். கேஜ் வைத்து அளந்தால் சுமார் 58 பிஎஸ்ஐ, அதாவது 4 பார் இருக்க வேண்டும். முறுக்கும்போதும் அது இறங்கக் கூடாது. உங்கள் அறிகுறிகளையும் வண்டியின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், நானாக இருந்தால் மேப்பைத் தொடும் முன் இந்த அளவை எடுத்துவிடுவேன். ஓட்டைக் குழாயோடு டைனோவில் ஏற்றி ட்யூனிங் செய்தால், ஓட்டைக்கு ஏற்ற மேப் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். பிறகு யாராவது குழாயை மாற்றியதும் வண்டி புகை கக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் தூசி பறக்கும் சாலைகளில் ஓடும் வண்டியின் ஃபின்களில் ஆயில் கசிவோடு சேர்ந்து அந்தத் தூசி கெட்டியாகப் படிந்து, வெப்பம் வெளியேறாமல் போர்த்திவிடும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு டிகிரீசரும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்கவே கூடாது. இன்ஜின் ஆயில் 20W-50, நம் கோடைக்கு முழு சிந்தெடிக் நல்லது. பிரைமரிக்கும் (இன்ஜினைக் கிளட்சோடு இணைக்கும் செயின் பகுதி) கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில் என்பதை நம்மூர்ப் பட்டறைகளில் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினால் அது ஹெட்டின் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குள் வந்துவிடும். உங்கள் ஏர் ஃபில்டரின் உட்புறம் ஆயிலில் நனைந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். பிறகு, ஸ்லோ ஸ்பீடு. அந்த நொண்டி நடைச் சத்தத்துக்காக அதை 700, 800 என்று இறக்கி வைப்பது ஒரு மோகம். கம்பெனி வைத்த 1,000 அளவிலேயே இருக்கட்டும். கீழே இறக்கினால் நிற்கும்போது ஆயில் அழுத்தமும் பேட்டரி சார்ஜும் ஒருசேரக் குறைகின்றன. ஹெட்டுக்கு ஆயில் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். சத்தத்துக்காக இன்ஜினைப் பட்டினி போடுவது எனக்குப் புரியாத ரசனை.

இவையெல்லாம் சரியான பிறகே ட்யூனிங். அது தேவைப்படுமா என்றால், ஆம், தேவைப்படும். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாறியிருக்கும்போது இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் அளவு மாறிவிட்டது. கம்பெனி மேப் அந்தக் காற்றுக்காக எழுதப்பட்டதன்று. கம்பெனி ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவுக்கே சரிசெய்யும். உப்பு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று மட்டும் சொல்லத் தெரிந்து, எவ்வளவு என்று சொல்லத் தெரியாத நாக்கு அது. சமநிலைக்கு அருகில் மட்டுமே அதற்குப் பார்வை உண்டு. முழு முறுக்கில், ஏற்றத்தில், உங்களுக்கு நாக்கிங் வரும் அதே நேரத்தில், இசியு அதன் பேச்சைக் கேட்காமல் மேப்பை மட்டும் நம்பி ஓடுகிறது. எவ்வளவு என்றும் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து எழுதிய மேப்தான் அந்த இடத்துக்கு வேண்டும்.

பெங்களூரில் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல். தருமபுரியில் அது சுமார் 96, தொப்பூர் அடிவாரத்தில் இன்னும் சற்றுக் கூடுதல். உங்கள் மேப்பில் தீப்பொறி நேர அட்டவணை ஒரு பக்கம் ஆர்.பி.எம்., மறுபக்கம் இன்டேக் அழுத்தம் என்று கட்டம் போட்டிருக்கும். பெங்களூர் டைனோவில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்தாலும் இன்ஜின் 91-க்கு மேலே உள்ள கட்டங்களுக்குப் போகவே போகாது. அந்த மேல் கட்டங்களில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் வீட்டுக்கு வந்து தொப்பூரில் ஏறும்போதுதான் இன்ஜின் முதல்முறையாக அந்தக் கட்டங்களில் கால் வைக்கும். அதுவும் காலை 24 டிகிரியில் ட்யூனிங் செய்த மேப்போடு, 38 டிகிரி மதியத்தில். "பெங்களூரில் நன்றாகத்தான் இருந்தது, ஊருக்கு வந்ததும் அடிக்கிறது" என்று எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் நாங்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்த மேல் வரிசையைத்தான். ஆகவே ட்யூனரிடம் உங்கள் ஊரின் உயரத்தையும் வெயிலையும் சொல்லி, மேல் வரிசையில் தீப்பொறி நேரத்தை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு இழுத்துப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லுங்கள். இந்த நிபந்தனையைக் கேட்டதும் காரணம் புரிந்து தலையாட்டுபவராக இருந்தால் வண்டியைத் தைரியமாக ஒப்படைக்கலாம்.

அவரிடம் வேறு சிலவற்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய மேப்பின் பிரதியை முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சென்சாரை ஏமாற்றும் இணைப்புப் பெட்டியைப் பொருத்தாமல், இசியுவில் உள்ள மேப்பையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். வைட்பேண்ட் சென்சாரை ஒவ்வொரு சிலிண்டரின் குழாயிலும், ஹெட்டுக்கு அருகில் வைத்து அளக்க வேண்டும். திறந்த சைலன்சரின் வால்முனையில் வைத்தால் குறைந்த ஆர்.பி.எம்.மில் வெளிக்காற்று கலந்து பொய்யாக லீன் காட்டும். முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் தனித்தனி அட்டவணை உண்டு, இரண்டையும் சரிசெய்ய வேண்டும். முக்கியமாக, அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்ற ஒரு தாளோடு திருப்பி அனுப்பும் ட்யூனிங் உங்களுக்குப் பயனில்லை. நீங்கள் வாழ்வது 60-க்கும் 110-க்கும் இடையில், கால் பங்கு முறுக்கில். அந்தப் பகுதியில் ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி, எதிரே பெரிய மின்விசிறி வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்யும் வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும், அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். முழு முறுக்கில் லாம்டா (சமநிலைக் கலவையை 1 என்று வைத்த அளவு; 1-க்குக் கீழே ரிச்) 0.87 அளவிலும், சீரான ஓட்டத்தில் 1-க்குச் சற்றுக் கீழேயும் வைத்தால் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினுக்குப் போதுமானது.

"இன்னும் கொஞ்சம் ரிச்சாக வை, கூலாக ஓடும்" என்று கேட்காதீர்கள். ஓரளவுக்கு அது உண்மை, அந்த அளவைத் தாண்டினால் மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் தலையில் கரி படியும், அந்தக் கரியே கனன்று மீண்டும் நாக்கிங்கைக் கொண்டுவரும். சூட்டுக்குப் பயந்து ரிச்சாக்கிய வண்டிகளில் ரிங் தேய்ந்ததைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

ஆயில் கூலரைப் பற்றி: அது ஆயிலைக் குளிர்விக்கும், பின் சிலிண்டர் ஹெட்டை ஓரளவுக்கே குளிர்விக்கும், நிற்கும்போது விசிறி இல்லாமல் எதையும் குளிர்விக்காது. உங்கள் டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர் ஓட்டத்திலேயே 120-ஐத் தாண்டிக் காட்டினால் வாங்குங்கள். அதற்குள் இருந்தால் அந்தப் பணத்தை இன்டேக் சீலுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் செலவிடுங்கள். வாங்கினால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள், இல்லையேல் மார்கழியில் ஓசூர், தளி பக்கம் விடியற்காலை ஓட்டும்போது ஆயில் தேவையான சூட்டை எட்டாமல், அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது வேண்டவே வேண்டாம். அது ஆக்டேனைக் குறைக்கும், கரியைக் கூட்டும். உங்களுக்கு இருக்கும் நாக்கிங்கைக் காசு கொடுத்து வளர்ப்பதாகிவிடும்.

சைலன்சரில் பேஃபிள் (உள்ளே ஒலியைத் தடுக்கும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் குழாயாக இருந்தால் கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைந்து, அதை ஈடுகட்ட நீங்கள் கூடுதலாக முறுக்க வேண்டியிருக்கும். ட்யூனிங்குக்கு முன்பே பேஃபிளைத் திரும்பப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் மேப் எழுதிய பிறகு போட்டால் மறுபடியும் எழுத வேண்டிவரும். ஒலி, புகை வரம்பை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது வேறு விஷயம். கிருஷ்ணகிரி சோதனையில் நிற்கும்போதுதான் பலருக்கு அந்தப் பிரிவு எண் தெரியவருகிறது.

கடைசியாக, விற்றுவிடலாமா என்ற கேள்வி. ரேடியேட்டர் உள்ள பெரிய வண்டியில் இன்ஜின் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் ட்ராஃபிக்கில் நிற்கும்போது விசிறி அந்தச் சூட்டை நேராக உங்கள் முழங்காலுக்கு ஊதித் தள்ளும். தொடை சுடுவதற்காக மட்டும் மாறினால் ஏமாற்றமே மிஞ்சும். நீங்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து போகிறவர் என்றால் எந்தப் பெரிய வண்டியும் உங்களுக்குச் சரிவராது, மண்டி வேலைக்கு ஒரு ஸ்கூட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி ஒகேனக்கல் வரையோ ஏற்காடு வரையோ போய்வருபவர் என்றால் இந்த வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்குச் சென்சார்களையும் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டையும் பாருங்கள், இன்டேக் சீலைச் சோதியுங்கள், பெட்ரோல் அழுத்தத்தை அளவெடுங்கள், 95 ஆக்டேனில் இரண்டு டேங்க் ஓட்டுங்கள். அதன்பின் தொப்பூரில் நான்காம் கியரில் ஏறும்போதும் சத்தம் கேட்கிறதா, முன் பின் சிலிண்டர்களின் ஃபின் அளவுகள் என்ன, கேஜ் எவ்வளவு காட்டியது என்ற மூன்றையும் எழுதுங்கள். மேப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டைனோவுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.